இடது பெடலில் அரை அங்குலம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? ஊசியில் நூல் கோக்க நாலு தடவை முயல வேண்டியிருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லாமல் கண்ணாடியை மாற்று.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒரு சைக்கிள் செய்திருக்கிறேன். எங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் வெல்டிங் வகுப்பு முடிந்ததும் மிஞ்சுகிற குழாய்களை வைத்து, மூன்று மாதம் சாயங்காலங்களில் உட்கார்ந்து செய்தது. படுத்துக்கொண்டு ஓட்டுகிற சைக்கிள். முழுதாகப் படுப்பதில்லை. சாய்வு நாற்காலியில் சாய்கிற மாதிரி முதுகைச் சாய்த்துக் காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். பெடல், முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. செயின் மட்டுமே சாதாரண சைக்கிளுக்குப் போடுவதுபோல் மூன்று மடங்கு.

அதில் போகிற சுகத்தை எப்படிச் சொல்வது? உட்காரும் இடம் வலிப்பதில்லை. மணிக்கட்டு வலிப்பதில்லை. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டாம். எதிர்க்காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. வழக்கமான சைக்கிளில் ரோட்டையும் முன்சக்கரத்தையுமே பார்த்துக்கொண்டு போவோம். இதில் மரக்கிளை, மொட்டைமாடி, மேகம் எல்லாம் தெரிகிறது. முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது அக்கா.

ஒரே தொல்லை உடைதான். சாய்ந்தால் பின்பக்கம் பேண்ட் இறங்குகிறது, பாக்கெட்டில் இருப்பதெல்லாம் சரிந்து கொட்டுகிறது. நேற்று வீட்டுச் சாவியைத் தேடி ஒரு மைல் திரும்பி நடந்தேன். பின்இடுப்பு உயரமாக, பாக்கெட் தொடையின் மேல் பட்டனோடு இருக்கிற மாதிரி ஒன்று தைத்து அனுப்பு. என் அளவுதான் உன் நோட்டில் இருக்கிறதே.

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

அக்கா ஆசியோடு எழுதுவது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, நூல்தான் தடித்துப்போய் வருகிறது. உன் இருமல் எப்படி? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ எதை எழுதாமல் விடுகிறாயோ அதைத்தான் நான் முதலில் படிப்பேன், அது உனக்கே தெரியும்.

பேண்ட் இத்துடன் வருகிறது. எனக்கு ஒரு பேண்ட் அரை நாள் வேலை, அதற்கு இவ்வளவு பீடிகை எதற்கு? பின்இடுப்பை மூன்று அங்குலம் ஏற்றியிருக்கிறேன். பின்தையல் உறுத்தாமல் இருக்க அதைத் தட்டையாக மடித்துத் தைத்திருக்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். இரண்டாவது மாடிக்கே லிஃப்ட் வரும்வரை நிற்கிறவன் நீ. ஐம்பத்தோரு வயதில் திடீரென்று மேகம் பார்க்கக் கிளம்பியிருக்கிறாய். யாருக்காக? தனிக்கட்டை ஒருவன் திடீரென்று உடை விஷயத்தில் அக்கறை காட்டினால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் உண்டு. யார் என்று எழுது. நல்லவளாக இருந்தால் எனக்குச் சம்மதம்தான்.

தொடைமேல் பாக்கெட் வைக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. பாக்கெட் என்றாலே எனக்கு ஆகாது. உன் அத்தானின் பாக்கெட்டில் வியாழன்தோறும் எண் போட்ட ஒரு டோக்கன் கிடைத்ததும், எதற்கென்று கேட்டால் அவர் வாயைத் திறக்காததும், அவருடைய தபால் ரவுண்டில் கடைசி வீட்டுக்காரியைப் பற்றி நான் கேட்டதும், அதற்கும் அவர் வாயைத் திறக்காததும் உனக்குத் தெரியும். கோபத்தில் அவருடைய எட்டு பேண்டிலும் எல்லாப் பாக்கெட்டையும் தைத்து மூடினேன். மறுநாள் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனவர்தான். வருகிற மாதத்தோடு ஏழு வருடம். தெருவில் இன்றும் சிரிக்கிறார்கள், நான் போன பிறகு.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பேண்ட் கச்சிதம். சாவி அசையவில்லை.

சைக்கிளின் சுகத்தை எழுதினேன், கஷ்டத்தையும் எழுதிவிடுகிறேன். மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. எவ்வளவு பலமிருந்தாலும் சாய்ந்தபடியேதான் உந்த வேண்டும். மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். திரும்பிப் பார்க்க வராது, கண்ணாடி வேண்டும். மதிய வெயிலும் மழையும் நேராக முகத்தில். எங்கள் குடியிருப்பின் படியில் ஏற்ற முடியாத நீளம். கீழே நிறுத்தினால் கீழ்வீட்டுக்காரி, "இது வண்டியா கட்டிலா?" என்று தினமும் கேட்கிறாள். லாரிக்காரர்களின் கண்ணில் நாம் படுவதே இல்லை. ஒரு கம்பு நட்டுச் சிவப்புக் கொடி கட்டியிருக்கிறேன். "ஆளைக் காணோம், கொடி மட்டும் போகுது" என்று பெட்டிக்கடையில் பேச்சு.

இன்னொரு பேண்ட் வேண்டும். இதில் உள்கால் நீளம் இருபத்தேழு அங்குலம் போதும், என் வழக்கமான முப்பது வேண்டாம். முழங்காலை மடக்கி ஓட்டுவதால் துணி மிச்சமாகிறது. இடுப்பும் முப்பத்திரண்டு வை. மிதித்து மிதித்து இளைத்துவிட்டேன்.

உன் தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஒரே மாதத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் இளைத்து, கால் மூன்று அங்குலம் குட்டையான மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை.

முழங்காலை மடக்கினால் துணி மேலே ஏறும். கணுக்கால் தெரியும். அதற்கு நீளம் கூட வேண்டும், குறையக் கூடாது. முப்பத்தைந்து வருடமாகக் கத்தரி பிடிக்கிறவளிடம் துணியைப் பற்றிப் பொய் சொல்லலாமா? வெல்டிங் பற்றிச் சொல்லியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன்.

பேண்ட் யாருக்கு?

துணி எடுத்து வைத்திருக்கிறேன். வெட்டவில்லை.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தேர்வு வேலை. நீ நலந்தானே? கண்ணாடி மாற்றினாயா?

உன்னிடம் தப்ப முடியுமா. எங்கள் கூடத்தில் வரைபட ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத்தான். சைக்கிளை இப்போது என்னைவிட அவர்தான் அதிகம் ஓட்டுகிறார். நான் எட்டு நாள் ஓட்டினேன், ஒன்பதாம் நாள் வேலிக்குள் விழுந்தேன். இனி எனக்கு லிஃப்டே போதும். வெளி ஆளுக்கு என்றால் நீ கூலி பேசுவாய், எனக்கென்றால் சும்மா தைத்துத் தருவாய் என்று ஒரு சின்னத் தந்திரம். அவ்வளவுதான்.

நல்ல மனிதர். நாய்களிடம் அபார அனுபவம். இந்தச் சைக்கிளில் நாயின் வாயும் நம் முகமும் ஒரே உயரம், எனக்குக் குலை நடுங்கும். அவரோ எந்த கேட்டில் எந்த நாய் குரைக்கும், எது சும்மா வரும் என்று கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

அவருக்காகப் பெடல் இருக்கிற முன்குழாயை மூன்று அங்குலம் உள்ளே தள்ளினேன். அப்படியும் ஒரு குறை. வலதுகால் எட்டியது, இடதுகால் எட்டவில்லை. இரண்டு பாதமும் கண்ணுக்கு நேராக நீட்டி இருப்பதால் இதில் எதையும் மறைக்க முடியாது. கடைசியில் இடது பெடலின் மேல் அரை அங்குல மரக்கட்டை வைத்துத் திருகினேன். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக வலி இல்லாமல் மிதித்தார். அரை அங்குலம், இத்தனை வருடம் அவருக்கே தெரியாது பார்.

கூலி எவ்வளவு என்று எழுது, வாங்கி அனுப்புகிறேன்.

உன் தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. முதல் இரண்டு வாரம் அதை இயந்திரத்தின் இழுப்பறையில் பாபினோடு போட்டு வைத்தேன். எடுப்பேன், இடது பெடல் வரை படிப்பேன், மறுபடி போடுவேன். ஒரு வாடிக்கையாளரின் கைப்பட்டியை மாற்றித் தைத்துப் பேச்சு வாங்கினேன். என் வாழ்நாளில் அது முதல் தடவை.

பிறகு பழைய அளவு நோட்டை எடுத்தேன். பச்சை அட்டை போட்டது. பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான மாதத்தில் எடுத்த அளவு: உள்கால், வலது இருபத்தேழு, இடது இருபத்தாறரை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் சொன்னதில்லை. முதல் பேண்ட் வழக்கம்போல வலது காலை மட்டும் அளந்து தைத்தது; போட்டபோது இடது விளிம்பு செருப்பில் மடிந்து விழுந்தது. "தையல் கோணல்" என்று அவர் சிரித்தார். தையல் நேர்தான், கால்தான் குறைவு. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? புது மாப்பிள்ளை. தெருத்தெருவாகச் சுற்றுகிற வேலை. நொண்டி என்று நான் சொன்னதாக நினைத்துவிட்டால்? "ஆமாங்க, கோணல்தான்" என்று ஒப்புக்கொண்டு இடது காலை அரை அங்குலம் குறைத்துத் தைத்தேன். இடுப்புப் பட்டியையும் அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு இறக்கினேன். பிறகு பத்தொன்பது வருடம் அப்படியே தைத்தேன். நேராகத் தெரிந்தது. நானே சில சமயம் மறந்துபோனேன்.

தம்பி, வரைபட ஆசிரியர்கள் நாயோடு பழகுவதில்லை. கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்து நாயை அறிகிறவர்கள் தபால்காரர்கள் மட்டும்தான்.

நீ ஒருவனாவது என்னிடம் மறைக்கமாட்டாய் என்று இருந்தேன். மூன்று வரி எழுது. எவ்வளவு நாளாக, ஏன், எங்கே. அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

அக்கா

ஜூன் 25

அக்கா,

மூன்று வரியில் எழுத முடியாது, திட்டிக்கொள்.

இரண்டு வருடமாக அத்தான் என் வீட்டில்தான் இருக்கிறார். ஒரு நாள் கூடத்தின் வாசலில் வந்து நின்றார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உன்னிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். சத்தியம் செய்தது தப்பு. அன்று செய்யாவிட்டால் அப்படியே திரும்பிப் போயிருப்பார், அதுவும் எனக்குத் தெரிந்தது.

அந்த டோக்கன் முதுகு வைத்திய நிலையத்தில் வரிசைக்குக் கொடுப்பது அக்கா. வியாழக்கிழமை ரவுண்டை முடித்துவிட்டு அங்கே போய்ப் படுத்திருக்கிறார். அழுத்தி, இழுத்து, சூடு வைத்து எல்லாம் பார்த்தார்கள். காரணம் பிடிபடவில்லை. முதுகு போய்விட்டது என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால் சைக்கிளைப் பிடுங்கி முத்திரை குத்துகிற மேஜையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயம். உன்னிடம் சொன்னால் நீ அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போடுவாய் என்று அதைவிடப் பயம். பிறகு நீ கடைசி வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டாய். கோபத்தில் வாயை மூடிக்கொண்டார். பாக்கெட்டைத் தைத்தாய். போய்விட்டார். வேறு ஊர்களில் கடைக் கணக்கு, காவல் வேலை என்று எதையோ செய்திருக்கிறார்.

சைக்கிளை அவருக்காகத்தான் செய்தேன். சாதாரண சீட்டில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது அவரால். முப்பது வருடம் சைக்கிளில் போனவர் ஜன்னல் ஓரமாக நின்று பிறர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது தினமும் பத்து மைல் போகிறார். உன் பேண்டை நான் ஒரு வாரம்தான் போட்டேன். கால் மடித்துவிட்டு அவர்தான் போடுகிறார். யார் தைத்தது என்று நான் சொல்லவில்லை. பின்தையலைத் தடவிப் பார்த்தார், அவரும் கேட்கவில்லை.

கட்டை வைத்த அன்று மட்டும் ஒன்று கேட்டார். "இது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?" எனக்கு அப்போது உண்மையிலேயே தெரியாது. "எனக்குத் தெரியாது அத்தான்" என்றேன். உன் கடிதம் வந்த பிறகும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது இரண்டு பேருக்கும் பொய் சொல்கிறவன் நான்.

உனக்கு எழுதச் சொன்னேன். "கடிதம் கொடுத்துத்தான்டா பழக்கம், எழுதிப் பழக்கமில்ல" என்றார்.

தம்பி

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் கடிதம் கிடைத்ததா? திட்டியாவது எழுது.

தம்பி

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். இப்போது எல்லாம் தெரிகிறது.

கடிதம் கிடைத்தது. நம்பலாமா என்று பார்த்தேன். நீ ஒரு தடவை பொய் சொன்னவன், ஆகவே விசாரித்தேன். பழைய டோக்கன் ஒன்று என்னிடம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு இங்கே உள்ள முதுகு வைத்திய நிலையத்துக்குப் போனேன். வாசலில் இருந்தவள் அதை வாங்கிப் பார்த்து, "இது பழசும்மா, இப்ப சீட்டுதான் தர்றோம். உங்களுக்கு எங்க வலி?" என்று கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து எனக்கு முன்வரிசை கொடுத்துவிட்டாள்.

உன்மேல் கோபம் போகவில்லை, போகவும் போகாது. இரண்டு வருடம் கடிதம் தவறாமல் என் கண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டு வீட்டில் அவரை உட்காரவைத்திருக்கிறாய். அவர்மேலும் கோபம்தான். ஒரு வார்த்தை, முதுகு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வைத்தியர்கள் தேடிய காரணம் என் பச்சை நோட்டில் இருந்தது. நான் மறைத்துத் தைக்காமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் அது பட்டிருக்கும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவர் கேட்டதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம்.

பேண்ட் விஷயம். ஏழு வருடத்துப் பழைய அளவை வைத்து நான் துணி வெட்டமாட்டேன். நீ நாடா பிடித்து எழுதி அனுப்புகிற அளவையும் நம்பமாட்டேன். ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். அளவெடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, நீயும் எதையும் சேர்த்துச் சொல்லாதே.

அக்கா

ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றேன், பஸ் சீட்டில் ஒரு மணி நேரம் தாங்காது என்றார். அந்தச் சைக்கிளில்தான் வருகிறார். மூன்று நாள் ஆகும். கொடியைப் பெரிதாக்கிக் கட்டினேன். மேடு வந்தால் இறங்கித் தள்ளச் சொல்லியிருக்கிறேன். லாரிகளை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது.

உன் கடிதத்தைக் காட்டவில்லை. "அளவெடுக்க வரச் சொன்னா" என்று மட்டும் சொன்னேன். "அளவெடுக்க மட்டுந்தானா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்தத் தடவை அது பொய் இல்லை.

வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

தம்பி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

நலமாக வந்து சேர்ந்தார். உன் கடிதம் மறுநாள்தான் வந்தது.

கடையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் ஜன்னல் விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புக் கொடி மட்டும் போகிறது. கொடி நின்றது. எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கதவை அகலத் திறந்துவைத்தேன்.

உள்ளே வந்தார். வெட்டுமேஜை அருகில் வந்து பாக்கெட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு ஸ்பானர், கைக்குட்டை, உன் வீட்டுச் சாவி, ஒரு பழைய டோக்கன். நான் பார்க்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பார்த்தேன். கைக்குட்டையை உதறியும் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போட்டிருந்தது கடையில் வாங்கிய பேண்ட். நான் தைத்ததைப் பையில் மடித்து வைத்திருந்தார், வழியில் அழுக்காகிவிடுமாம். இடது விளிம்பு மட்டும் தரையில் இழுபட்டுத் தேய்ந்து நூல்நூலாகத் தொங்கியது. குனிந்து அதைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "முதல் பேண்ட்லயே எனக்குத் தெரியும். தையல் கோணல் இல்ல, கால்தான் குறைவு. உங்க மனசு நோகுமேன்னு சொல்லல." தன் இடது காலைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாம்" என்றார். "நீங்களும்தான்" என்றேன். அதற்குப் பிறகு அளவெடுத்தேன். இடுப்பு, நீ எழுதியதைவிட இன்னும் ஒரு அங்குலம் குறைவு. நீ என்னத்தைச் சமைத்துப் போட்டாயோ. உள்கால் மாறவில்லை.

சைக்கிள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் தாண்டித்தான் வர வேண்டும். நான் யாருமில்லாத நேரம் பார்த்து ஒரு தடவை அதில் சாய்ந்து பார்த்தேன். மேகம் தெரிந்தது. இடதுகால் கட்டையில் இடித்தது.

பேண்ட் தைக்க ஒரு வாரம் ஆகும், வேலை நிறைய இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "சரி, இருக்கேன்" என்றார். எனக்கு ஒரு பேண்ட் அரை நாள் வேலை என்பது பத்தொன்பது வருடம் பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாததில்லை.

ஆறு நாளாகிறது. துணியை இன்னும் வெட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

உன் இருமலைப் பற்றி மறக்காமல் எழுது.

உன் அக்கா